விசிறி ஒரு சுற்று, மூச்சு மூன்று

"இன்னும் எத்தனை நாளைக்குத்தான் இதைக் கையில சுத்திக்கிட்டு இருக்கோணும் அம்மிணி? எப்பத்தான் பறக்க விடுவீங்க?"

கேட்டவர் சென்னியப்பன். கேட்டது ரெஜினாவிடம்.

ரெஜினா கழுத்தில் தொங்கிய ரப்பர் குழாயைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

தினமும் நடக்கிற கூத்துதான் இது. அவர் கேட்பார், இவள் குழாயை நீட்டுவாள்.

குழாய் என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. இரண்டு முழ நீளம். ஒரு முனையில் டாக்டர்கள் காதில் மாட்டுகிறார்களே, அந்தக் காதுப் பகுதியைச் செருகியிருந்தாள். மறுமுனை வெறும் ஓட்டை.

"கண்ணை மூடிக்குங்க" என்றாள்.

சென்னியப்பன் முணுமுணுத்துக்கொண்டே மூடினார்.

*

சென்னியப்பனுக்கு அறுபது தாண்டியாயிற்று. கோவையில் பம்புசெட் ஃபவுண்டரி நடத்தியவர். அதைத் தம்பி மகன் கையில் கொடுத்துவிட்டு, மனுஷன் ஒரு காரியம் செய்தார். இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டினார். இறக்கையின் ஒவ்வொரு சட்டமும் அவர் அறுத்து ஒட்டியது. இருக்கைக்கு உறை தைத்தது அவர் மனைவி சுலோச்சனா.

இளம் வயதில் பறக்கக் கற்றவர். உரிமத்தை இத்தனை வருஷமும் விடாமல் புதுப்பித்து வந்திருந்தார். தான் கட்டியதில் தானே ஏறிப் பறக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. ஒரு தடவை போதும் என்றுகூடச் சொல்லிக்கொண்டார்.

எஞ்சின்தான் தகராறு. ஜப்பான் கார் ஒன்றிலிருந்து எடுத்த ரோட்டரி எஞ்சினைப் பிரித்துப் புது பாகங்கள் போட்டு மறுபடி கட்டியிருந்தார். இதில் மேலும் கீழும் போகிற பிஸ்டன் கிடையாது. முக்கோண உருளை ஒன்று கூட்டுக்குள் சுற்றும். உருளையின் மூன்று முனையிலும் மெல்லிய இரும்புப் பட்டை ஒன்று கூட்டை உரசிக்கொண்டே போகும். சீல் என்பார்கள். புது சீல் கூட்டோடு உரசி உரசிப் படிந்தால்தான் காற்று கசியாது. படியாமல் மேலே கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படிய வைப்பதற்கு ரெஜினாவை விட்டால் ஆளில்லை என்றார்கள். நாற்பது வயது. ரேஸ் கார் எஞ்சின்களை டியூன் செய்து பேர் வாங்கியவள். சிலர் அவளைக் கோபக்காரி என்றார்கள், சிலர் ஊமைக் கோட்டான் என்றார்கள்.

வயதில் மகள் மாதிரி. இருந்தாலும் குரு குருதானே என்று சென்னியப்பன் முதல் நாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் நின்றார். அவள் ஒரு பழத்தை உரித்துத் தின்றுவிட்டுக் கேட்டாள்.

"பொறுமை இருக்குதுங்களா?"

"அதுக்கென்னங்க, நிறைய இருக்குது."

அவளிடம் அவர் சொன்ன முதல் பொய் அது.

*

உடுமலைக்குப் போகிற வழியில், மில் முதலாளி ஒருவர் எந்தக் காலத்திலோ போட்ட ஓடுபாதை. ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் விமானம். ஆடி மாதம். கணவாய்க் காற்று பேயாட்டம் போட்டுக்கொண்டிருந்தது. கொட்டகையின் தகரம் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. சுற்றிலும் இருந்த காற்றாலைகளும் சும்மா இருக்காது. சென்னியப்பன் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும்? விமானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஸ்பானரை எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார்.

தினம் காலையில் முதல் வேலை கேட்பது. பேட்டரி வயரைப் பிரித்துவிட்டு, ஒரு ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றுவார்கள். ஒருவர் முன்னால் இருக்கும் விசிறியைக் கையால் பிடித்துச் சுற்ற வேண்டும். இன்னொருவர் ப்ளக் ஓட்டையில் குழாயைக் காட்டிக் கண்ணை மூடிக் கேட்க வேண்டும். விசிறி ஒரு சுற்று வந்தால் உள்ளே உருளையும் ஏறக்குறைய ஒரு சுற்று வரும். மூன்று மூச்சு கேட்கும்.

புஸ். புஸ். புஸ்.

மூன்றும் ஒரே அளவாக இருந்தால் மூன்று சீலும் படிந்துவிட்டன என்று அர்த்தம். சென்னியப்பனின் எஞ்சினில் இரண்டு நன்றாக வந்தன. மூன்றாவது சவலை.

விசிறியைச் சுற்றுவது லேசான வேலையல்ல. ஆளைப் பிழிந்துவிடும். ஆரம்பத்தில் அவரைத்தான் சுற்றச் சொன்னாள். தன் எஞ்சினைத் தானே சுற்றாதவன் ஏறக் கூடாது என்பது அவள் சட்டம். சென்னியப்பன் சுற்றுவார். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

கொஞ்ச நாள் கழித்து அவள் சட்டத்தை அவளே மாற்றினாள்.

"நீங்க கேளுங்ணா. நான் சுத்தறேன்."

தன் கை வேகம் சரியில்லை என்று நினைக்கிறாள் போலும் என்று சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. காரணம் கேட்கவில்லை. அதற்குள் வேறு ஒன்றைக் கேட்டாயிற்று.

"எப்பத்தான் பறக்க விடுவீங்க?"

*

கேட்டு முடித்ததும் எஞ்சினை ஓட்டுவார்கள். விமானத்தைத் தரையில் கட்டிப்போட்டு, வேகத்தை ஏற்றுவார்கள், இறக்குவார்கள். ஒரே வேகத்தில் நிற்க விட மாட்டாள். ஒரே வேகத்தில் ஓட்டினால் சீல் ஒரே மாதிரி உரசிப் பழகிவிடும் என்பாள். பிறகு அணைத்து, ஆறவிட்டு, திரும்ப.

ஆறுகிற நேரம்தான் சென்னியப்பனுக்கு நரகம்.

சும்மா இருக்கும் கையால் லேப்டாப்பைத் திறப்பார். பெட்ரோல் எவ்வளவு, காற்று எவ்வளவு என்கிற கலவைக் கணக்கு அதில்தான். வலைத்தளத்தில் யாரோ அமெரிக்காக்காரன் சொன்னான் என்று ஒரு எண்ணைக் கூட்டுவார். எஞ்சின் கனைக்கும். வேறு யாரோ சொன்னான் என்று இன்னொன்றைக் குறைப்பார். எஞ்சின் இருமும். இப்படித்தான் சொந்தமாக எஞ்சின் கட்டுகிறவர்களில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது. படிந்து முடிவதற்கு முன்னாலேயே டியூன் செய்ய உட்கார்ந்துவிடுவார்கள்.

"நேத்துச் சரியா வெச்ச கலவை இன்னிக்கு ஏன் சரியில்லீங்க?"

"எஞ்சின் மாறீருச்சுங்ணா."

"நாளைக்கு?"

"நாளைக்கும் மாறும்."

"அப்ப நான் என்னதான் பண்ணோணும்?"

"லேப்டாப்பை மூடுங்க."

மூடினார். கொஞ்ச நேரத்தில் திறந்தார். ரெஜினா பிளாஸ்க் மூடியில் ஊற்றிய தேநீரைக் குடித்துக்கொண்டே பார்த்தாள்.

"வளர்ற பிள்ளைக்குத் தினம் ஒரு சட்டை தெக்கிறீங்க" என்றாள்.

*

சென்னியப்பனின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. யாரிடமும் சொல்லாத காரணம்.

ஆவணி பிறந்ததும் அவருக்கு மருத்துவப் பரிசோதனை. அதில் தேறினால்தான் விமானம் ஓட்டும் உரிமம் தொடரும். போன தடவையே டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்து வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார். நடக்க வைத்துப் பார்க்கிற சோதனை ஒன்று செய்துவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்றார். தள்ளித்தான் போட்டார் சென்னியப்பன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் துண்டித்துவிடுவார்.

வீட்டு மாடிப்படியில் பாதி ஏறியதும் நிற்பார். போனை எடுத்து முக்கியமாக ஏதோ பார்க்கிற மாதிரி பார்ப்பார். மூச்சு அடங்கியதும் மீதிப் படி. சுலோச்சனா, எப்பப் பார்த்தாலும் அந்தப் போன்தான் என்று திட்டுவாள். திட்டட்டும் என்று விட்டுவிட்டார். சந்தேகப்படுவதைவிட அது மேல்.

ஆவணியில் தன்னைத் தரையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று அவருக்கு உள்ளுக்குள் தெரியும். அதற்குள் ஒரு தடவை மேலே போய்விட வேண்டும். தப்பு என்றும் தெரியும். ஆனாலும் இறக்கையைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தப்பு சின்னதாகிவிடும்.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெஜினா பூசைக்குப் போயிருந்தாள். கொட்டகையில் சென்னியப்பன் தனியாக இருந்தார். அவரும் எஞ்சினும் லேப்டாப்பும். விடுவாரா?

பெட்ரோலைக் குறைத்தார். முழு வேகத்துக்குத் தள்ளினார்.

விமானம் கட்டியிருந்த கயிற்றை இழுத்துக்கொண்டு திமிறியது. புழுதி கிளம்பிக் கொட்டகையை மறைத்தது. சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு பலத்தை வைத்துக்கொண்டா இத்தனை நாள் விசிறியைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தார்.

அப்போது உள்ளே ஒரு சத்தம். டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அது.

உடனே அணைத்தார். பழைய எண்களை எல்லாம் லேப்டாப்பில் திரும்பப் போட்டு, புழுதியைக்கூடத் துடைத்து வைத்தார்.

திங்கட்கிழமை ரெஜினா வந்தாள். ஒரு ப்ளக்கைக் கழற்றி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளைப் பீங்கானில் மிளகைப் பொடித்துத் தூவிய மாதிரி புள்ளிகள். அதை அவர் மூக்குக்கு நேரே காட்டினாள்.

சென்னியப்பன் காற்றைக் குற்றம் சொன்னார். பெட்ரோல் பங்க்கைக் குற்றம் சொன்னார்.

"என்ன அவசரம்ங்ணா?"

"ஐப்பசி மழை வந்துருமில்லைங்களா?"

"இது ஆடி."

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவள் முகத்தில் கோபம் இல்லை. அதனாலேயே சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

ரெஜினா விசிறியைச் சுற்றினாள். அவர் கேட்டார். நல்லவேளை, மூன்று மூச்சும் இருந்தன. சீல் உடையவில்லை.

"உடைஞ்சிருந்தா எஞ்சின் அப்பவே நின்னிருக்குமா அம்மிணி?"

"நிக்காதுங்க. மிச்சம் இருக்கறதை வெச்சு இழுத்துக்கிட்டே ஓடும். ஓட்டறவருக்குத் தெரியவே தெரியாது."

"அதுவும் நல்லதுதானுங்களே?"

"நல்லதுதான். கெட்டதும் அதேதான்."

அவள் ப்ளக்கை மாற்றப் போய்விட்டாள். சென்னியப்பன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

*

அதற்குப் பிறகு அவர் லேப்டாப்பைத் தொடவில்லை. பயந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்ளலாம். கேள்வி மட்டும் நிற்கவில்லை. காலையில் ஒன்று, சாப்பிடும்போது ஒன்று, கிளம்பும்போது ஒன்று.

ஆடி தேய்ந்துகொண்டே வந்தது. ஆஸ்பத்திரிப் போனும் அடிக்கடி வந்தது.

ஒரு நாள் காலை. ரெஜினா சுற்றினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

புஸ். புஸ். புஸ்.

திரும்பச் சுற்றச் சொன்னார். அவள் சுற்றினாள். மூன்றும் ஒன்றுபோல வந்தன. எது சவலை என்று தேடினாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ பம்புசெட் ஓட்டிப் பார்த்தவர்தான், எதற்கும் அழுததில்லை.

"படிஞ்சிருச்சுங்ணா" என்றாள் ரெஜினா. அவள் சிரித்து அன்றுதான் பார்த்தார்.

அன்றைக்கு லேப்டாப்பை அவளே திறந்தாள். எண்களை ஒவ்வொன்றாக, எஞ்சினைக் கேட்டுக் கேட்டு மாற்றினாள். மத்தியானத்துக்குள் டியூனிங் முடிந்தது. எஞ்சின் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு பிசிறு இல்லை.

"அப்ப நாளைக்கு?" என்றார்.

ரெஜினா கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எஞ்சின் ரெடிங்ணா" என்றாள்.

வேறு எதுவும் சொல்லவில்லை. சென்னியப்பனும் வேறு எதையும் கேட்கவில்லை. அவருக்கு அது போதும்.

*

மறுநாள் அவள் வருவதற்கு முன்பே சென்னியப்பன் வந்துவிட்டார். அதிசயமாகக் காற்று அடங்கியிருந்தது. அது திரும்பக் கிளம்புவதற்குள் மேலே போய்விட வேண்டும். அவள் வரட்டும், இரண்டு பேராகத் தள்ளலாம் என்றுகூடப் பொறுக்கவில்லை. கொட்டகைக் கதவைத் திறந்து, வாலைப் பிடித்து, விமானத்தைத் தனியாளாக வெளியே தள்ளினார். வாசலில் ஒரு மேடு. அங்கே சக்கரம் மாட்டிக்கொண்டது. தோளைக் கொடுத்து முட்டினார். நெஞ்சுக்குள் யாரோ பெல்ட்டை இழுத்து இறுக்கினார்கள். இன்னொரு முட்டு. விமானம் வெளியே வந்தது.

நிமிர்ந்தபோது ரெஜினா எதிரே நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"சுத்திப் பார்த்தாச்சு... எண்ணெய், தண்ணி... எல்லாஞ் சரி" என்றார். ஒரே மூச்சில் சொல்ல வரவில்லை.

ரெஜினா கழுத்திலிருந்து குழாயை எடுத்து நீட்டினாள்.

"நேத்துத்தான் கேட்டாச்சுங்களே அம்மிணி."

"இன்னிக்கு ஒருக்கா கேளுங்க. அப்புறம் உங்க இஷ்டம். நான் குறுக்க நிக்க மாட்டேன்."

தட்ட முடியவில்லை. எஞ்சினை ஒட்டி நின்றுகொண்டு குழாயைக் காதில் மாட்டினார். மறுமுனையை அவள் வாங்கிக்கொண்டாள். ப்ளக், விசிறி எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டார்.

"கண்ணை மூடிக்குங்க."

மூடினார்.

புஸ். புஸ்.

அடுத்தது வரவில்லை. பிந்தி வந்தது, அரைகுறையாக, நடுவில் ஒரு விசிலோடு. பிறகு இரண்டு அவசரமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. பிறகு ஒரு இழுப்பு. பிறகு மறுபடியும் விடுபட்டது.

சென்னியப்பன் குழாயைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டார். நேற்று இப்படி இல்லையே. ஞாயிற்றுக்கிழமை குலுங்கிய கூழாங்கல் ஞாபகம் வந்தது. அன்றைக்கே ஒரு சீலில் கீறல் விழுந்திருக்க வேண்டும். மிச்சத்தை வைத்து இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. நேற்று ஏமாற்றிவிட்டது.

"நாந்தானுங்க கெடுத்துட்டேன்" என்றார் கண்ணைத் திறக்காமல். "அந்த ஞாயித்துக்கிழமை முழு வேகத்துல ஓட்டிட்டனுங்க."

"தெரியும்ங்ணா. இப்ப என்ன கேக்குது?"

"ஒண்ணு விட்டு விட்டு வருதுங்க. அளவே இல்லை. உள்ளுக்குள்ள ஏதோ கசியுது."

"இதை வெச்சு ஏறலாங்களா?"

பதில் சொல்ல அவருக்கு யோசனையே தேவைப்படவில்லை. எஞ்சின் விஷயத்தில் அவர் பொய் சொல்கிறவர் அல்ல.

"ஏறக் கூடாதுங்க. யாரா இருந்தாலுஞ் செரி, விடக் கூடாது. பிரிச்சுப் பார்க்கோணும். இன்னிக்கே பார்க்கோணும்."

"சரிங்ணா" என்றாள் ரெஜினா. "கண்ணைத் திறங்க."

திறந்தார்.

ப்ளக் ஒன்றும் கழற்றப்படவில்லை. விசிறி நேற்று நின்ற இடத்திலேயே நின்றது. குழாயின் மறுமுனை அவருடைய திறந்த வாய்க்கு முன்னால், ரெஜினாவின் இரண்டு விரல்களுக்கு நடுவில் இருந்தது.